ஜீப் வண்டியின் சுவிட்சுகளும் உணரிகளும்

சித்தூரிலும் திருப்பதியிலும் அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் நம் தமிழ் மக்களுக்கு ஜீப் வண்டி புதிய பொருளன்று. இவ்வட்டாரத்தின் நில அமைப்பே அத்தகையது. ஒருபுறம் சேஷாசல மலைத்தொடர். மறுபுறம் பலமனேரி, குப்பம் பக்கத்து மேட்டு நிலங்கள். இடையே கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் மாந்தோப்புகள். தார்ச்சாலை முடிந்து தோப்புக்குள் புகும் செம்மண் பாதை, ஐப்பசி கார்த்திகை மழையில் குழைந்து சேறாகிவிடும்போது, இரண்டு சக்கரங்களால் மட்டும் இயங்கும் வண்டி அங்கே பயன்படுவதில்லை. நான்கு சக்கரங்களும் ஒன்று சேர்ந்து இழுக்கும் வண்டியே சரக்கைக் கரை சேர்க்கும்.

இவ்வண்டிகள் நம் நாட்டில் பரவிய வரலாறு நெடியது. இரண்டாம் உலகப்போரில் பேர்பெற்ற வில்லிஸ் ஜீப்பை 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனத்தார் பம்பாயில் தொகுத்து விற்கத் தொடங்கினர். 1985-இல் மாருதியின் ஜிப்சி வந்தது. 2016-இல் தடாவை அடுத்த ஸ்ரீசிட்டியில் இசுசு நிறுவனத்தின் தொழிற்சாலை திறக்கப்பட்டு, நான்கு சக்கர இயக்கமுடைய பிக்கப் வண்டிகள் இவ்வட்டாரத்திலேயே உருவாகலாயின. அந்நாளில் ஸ்ரீசிட்டி சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது; 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்ட பின்னர் திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாயிற்று.

பழைய வில்லிஸ் ஜீப்பில் ஓட்டுநரின் கண்முன் இருந்தவை சில முட்களே. எண்ணெய் அழுத்தம், தண்ணீரின் சூடு, பாட்டரியின் நிலை, பெட்ரோலின் அளவு, வேகம் ஆகியவற்றைக் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. இன்றைய வண்டியிலோ எஞ்சினை ஆள்வது ஒரு சிறு கணிப்பொறி. அதற்குக் கண்ணும் காதும் போல வண்டியெங்கும் சுவிட்சுகளும் உணரிகளும் பொருத்தப்பட்டிருக்கின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று பிசகினால் ஓட்டுநரின் முன்னே மஞ்சள் விளக்கொன்று எரிகிறது. எரிந்தவுடன், “கியர் பெட்டியை இறக்கிப் பார்க்கவேண்டும்”, “கம்ப்யூட்டரையே மாற்றவேண்டும்” என்னும் சொற்கள் காதில் விழுகின்றன. கடனில் வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டுபவருக்கும், தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் அச்சொல் ஒரு பருவத்தின் மிச்சத்தையே விழுங்கக்கூடியது. ஆனால் விளக்கு எரிகிறது என்பதற்கு, அந்தச் சுவிட்சோ உணரியோ அவ்வாறு கூறுகிறது என்பது மட்டுமே பொருள். அக்கூற்று மெய்தானா என்பதைத் தனியே விசாரித்தறிய வேண்டும். அந்த விசாரணையை எவ்வாறு நடத்துவது என்பதையே இங்கு விளக்க முயல்கிறோம்.

முதலில் சுவிட்சுக்கும் உணரிக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிந்துகொள்வோம். களஞ்சியத்தின் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று மட்டும் சொல்லுவது சுவிட்சின் வேலை. உள்ளே எத்தனை மரக்கால் நெல் இருக்கிறது என்று அளந்து சொல்லுவது உணரியின் வேலை. சுவிட்சுக்குத் தெரிந்தவை ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே. உணரியோ மின்னழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் அளவைத் தெரிவிக்கிறது. பட்டறைகளில் இரண்டையும் ‘சென்சார்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். சித்தூர்ப் பட்டறையில் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து வருவது யாவரும் அறிந்தது. “சென்சார் போயிந்தி அன்னா” என்றால் இரு மொழியினருக்கும் விளங்கிவிடும். ஆனால் போனது சுவிட்சா, உணரியா, அல்லது அதற்குச் செல்லும் ஒயரா என்பது அச்சொல்லில் விளங்குவதில்லை. செலவின் அளவோ அதைப் பொறுத்தே அமைகிறது.

கியர் பெட்டியில் உள்ளவை பெரும்பாலும் சுவிட்சுகளே. அவற்றுள் எளியது ரிவர்ஸ் விளக்குச் சுவிட்சு. கியர் கம்பி பின்செல்லும் நிலைக்கு வரும்போது உள்ளே ஒரு சிறு குண்டையோ முனையையோ அழுத்துகிறது, உள்ளிருக்கும் இரு தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன, விளக்கு எரிகிறது. விளக்கு எரியவில்லையென்றால் பல்பையும் ஃபியூசையும் பார்த்த பிறகு, எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பிவைத்து, சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பார்க்கலாம். விளக்கு எரிந்தால் ஒயர் சரி, சுவிட்சே பழுது. எரியாவிட்டால் பழுது ஒயரில் உள்ளது. கியர் பெட்டியைத் திறக்கவேண்டிய தேவை இரண்டிலும் இல்லை; அச்சுவிட்சு வெளியிலிருந்து திருகிப் பொருத்தப்படுவது. அதைக் கழற்றும்போது அடியிலுள்ள வாஷரைத் தவறாமல் திரும்ப இடவேண்டும். இல்லையேல் எண்ணெய் கசியும். இந்தக் கம்பிச் சோதனை, இரண்டு ஒயர் கொண்ட இத்தகைய எளிய சுவிட்சுக்கு மட்டுமே உரியது. கணிப்பொறிக்குச் செல்லும் உணரி ஒயர்களில் இதைச் செய்யலாகாது. அங்கே உலவுவது பெரும்பாலும் 5 வோல்ட்டு. பாட்டரியின் 12 வோல்ட்டு தவறிப் பாய்ந்தால் கணிப்பொறி கெட்டுவிடக்கூடும்.

நான்கு சக்கர இயக்கத்துக்குரிய சுவிட்சுகள் கியர் பெட்டியை அடுத்திருக்கும் ‘டிரான்ஸ்பர் பெட்டி’ என்னும் பகுதியில் இருக்கின்றன. ‘2 எச்’ என்னும் நிலையில் பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை செல்லுகிறது. ‘4 எச்’ நிலையில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. ‘4 எல்’ நிலையில் அவ்வாறு பூட்டப்படுவதோடு வேகம் குறைந்து இழுவிசை பெருகுகிறது. பல வண்டிகளில் இப்பெருக்கம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. உள்ளிருக்கும் கவைக்கோல் ஒவ்வோர் இடத்தையும் அடையும்போது அதற்குரிய சுவிட்சு அழுந்தி, ஓட்டுநருக்கு விளக்கைக் காட்டுகிறது.

இங்கேதான் பலரும் மயங்குகிறார்கள். ‘4 எச்’ நிலையிலிருந்து ‘2 எச்’ நிலைக்குக் கைப்பிடியைத் தள்ளியும் விளக்கு அணையவில்லை; சில வேளை கைப்பிடியே நகர மறுக்கிறது. உடனே சுவிட்சின் மீது பழி விழுகிறது. அதற்கடுத்து கியர் பெட்டியின் மீது. சுவிட்சோ பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்லுகிறது: பூட்டு இன்னும் விடுபடவில்லை. ஏன் விடுபடவில்லை? வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைக் காட்டிலும் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. ஆகவே அதிகத் தொலைவு செல்லவேண்டும். இவ்வகை வண்டிகளில் இவ்வேறுபாட்டை ஈடு செய்வதற்கு நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்க இயலாததால், இயக்குத் தண்டுகள் துணியைப் பிழிந்தாற்போல முறுக்கிக்கொள்கின்றன. அந்த முறுக்கே பூட்டின் பற்களை இறுகப் பிடித்துக்கொள்ளுகிறது. இதற்கு மருந்து எளிது. சமதரையில் ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில அடி தூரம் பின்னுக்குச் சென்றால் முறுக்கு அவிழும், விளக்கும் அணையும். அணைந்துவிட்டால் பட்டறைக்குச் செல்லவே வேண்டியதில்லை. நான்கு டயர்களும் ஒரே அளவினவாக இல்லாவிட்டாலும், ஒன்றில் காற்று மிகக் குறைந்திருந்தாலும், நேர்ச்சாலையிலும் இம்முறுக்கு ஏற்படும்.

திருமலைப் பாதையில் செல்லுவோர் இதைச் சிறப்பாக மனத்திற்கொள்ள வேண்டும். 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கும், பின்னர் அமைந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த அந்நல்ல தார்ச்சாலையில் ‘மலைதானே’ என்றெண்ணி ‘4 எச்’ நிலையில் ஓட்டுவது வண்டியைத் தண்டிப்பதாகும். இறக்கத்தில் வேண்டுவது சாதாரணக் கியரில் தாழ்ந்த படி. நான்கு சக்கரப் பூட்டு அன்று.

கைப்பிடிக்கு மாற்றாகத் திருகு குமிழ் உடைய வண்டிகளில் வேலையை ஒரு சிறு மின்மோட்டார் செய்கிறது. குமிழைத் திருப்புவது கட்டளை. விளக்கு மினுக்குவது ‘வேலை நடக்கிறது’ என்னும் விடை. நிலையாக எரிவது ‘முடிந்தது’ என்னும் விடை. ‘4 எல்’ நிலைக்குப் போக வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவர வேண்டும். நியூட்ரல் சுவிட்சோ கிளட்ச் சுவிட்சோ தன் செய்தியைத் தராவிட்டால் கணிப்பொறி கட்டளையை ஏற்க மறுத்துவிடும். பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முனைக்கு முனை நின்றாலும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். வண்டியைச் சற்றே நகர்த்தினால் பொருந்திவிடும். சில வண்டிகளில் முன் அச்சை இணைப்பதற்குத் தனியே வெற்றிடக் குழாயோ மின்பொறியோ உண்டு. மெல்லிய ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு விழுந்தாலும் விளக்கு நிலைகொள்ளாது. தோப்புக் கொட்டகையில் வண்டியை நிறுத்துவோர் எலிகளையும் எண்ணிக்கொள்ளட்டும். ஒயரைக் கடிப்பதில் அவற்றுக்கு உள்ள ஆர்வம் நெல்லைத் தின்பதில் உள்ளதற்குக் குறைந்ததன்று.

‘4 எல்’ சுவிட்சின் செய்தி விளக்குக்கு மட்டும் செல்லுவதில்லை. பல வண்டிகளில் எஞ்சின் கணிப்பொறிக்கும் பிரேக்குக் கணிப்பொறிக்கும் சேர்ந்தே செல்லுகிறது. எஞ்சின் இத்தனை சுற்றுச் சுழன்றால் வண்டி இத்தனை வேகம் செல்லவேண்டும் என்று அவை கணக்கு வைத்திருக்கின்றன. தாழ்நிலையில் அக்கணக்கு இரண்டரை மடங்கு மாறிவிடுகிறது அன்றோ? சுவிட்சு அறிவிக்கத் தவறினால், ஒரு குற்றமும் இல்லாத எஞ்சின்மேல் குற்றம் பதியக்கூடும்.

இனி எஞ்சினுக்கு வருவோம். அங்கே ஒரே ஒரு சுவிட்சை மட்டும் ஐயுறாமல் உடனே நம்பவேண்டும். அதுதான் எண்ணெய் அழுத்தச் சுவிட்சு. சாவியைத் திருப்பியதும் எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு எரியவேண்டும். எஞ்சின் ஓடத்தொடங்கி அழுத்தம் ஏறியதும் அணையவேண்டும். ஓட்டத்தின் நடுவே அது எரிந்தால், சுவிட்சு பொய் சொல்லுகிறதா என்று ஓட்டிப் பார்த்து அறிய முயலாது உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துவதே தக்கது. அழுத்தம் மெய்யாகவே இல்லையெனில் சில நிமிடங்களில் பேரிங்குகள் உருகிப்போகும். சாவியைத் திருப்பும்போது அவ்விளக்கு எரியவே இல்லை என்றால், மகிழ்வதற்கில்லை. பல்போ ஒயரோ சுவிட்சோ போயிருக்கிறது, காவலாளி உறங்குகிறான் என்றே கொள்ளவேண்டும்.

தண்ணீரின் சூட்டை அறியும் உணரி வேறு வகை. அதனுள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு பொருள். பல வண்டிகளில் 20 பாகை சென்டிகிரேடில் ஏறத்தாழ 2500 ஓம் காட்டுவது, 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினிலும், ஓடிச் சூடான பிறகும், எஞ்சினை நிறுத்தி இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரால் இருமுறை அளந்தால் உணரியின் நலம் தெரிந்துவிடும். ஒயர் அறுந்துவிட்டால் தடை எல்லையற்றதாகிறது. அதைக் கணிப்பொறி கடுங்குளிர் என்று படித்துக்கொள்ளுகிறது. சித்தூரின் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, உறைபனிக்கும் கீழே 40 பாகை என்று ஒரு வண்டி சாதிப்பது இப்படித்தான்!

கிராங்குத் தண்டின் நிலையைக் காட்டும் உணரி எல்லாவற்றிலும் முதன்மையானது. தண்டோடு சுழலும் ஒரு பல்சக்கரத்தின் அருகே, தொடாமல், அது நிற்கிறது. பல எஞ்சின்களில் 60 பற்களுக்கு இடம் விட்டு அவற்றுள் இரண்டை வெட்டி நீக்கியிருப்பார்கள். 58 பற்கள் கடந்து ஓர் இடைவெளி வரும்போது ஒரு சுற்று முடிந்தது என்று கணிப்பொறி உணர்ந்து, எந்தச் சிலிண்டருக்கு எப்போது டீசல் தெளிப்பது என்று முடிவு செய்கிறது. இவ்வுணரி தளர்ந்துவிட்டால், எஞ்சின் சூடானதும் தானே நிற்கும். அரைமணி ஆறவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். இந்த அடையாளத்தைக் கண்டவர் டீசல் பம்பைக் கழற்ற இசையுமுன் இவ்வுணரியைச் சோதிக்குமாறு கேட்கவேண்டும். காந்தமுடைய வகையாயின் அதன் முனையில் இரும்புத்தூள் படிந்திருப்பதும் உண்டு, துடைத்தாலே சரியாகும். பழுது சிறிதாயினும் ஆபத்து சிறிதன்று. மொகிலி மலைப்பாதையில் தக்காளி ஏற்றிய லாரிகளுக்கு நடுவே எஞ்சின் நின்றுபோனால், பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே போதும்; அதன்பின் மிதி கல்போல் இறுகும்; ஸ்டியரிங்கும் கனக்கும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடவேண்டும்.

காற்றழுத்த உணரியின் பணியைத் திருமலைப் பயணமே விளக்கிவிடும். திருப்பதி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 160 மீட்டர். திருமலை ஏறத்தாழ 850 மீட்டர். மேலே செல்லும்போது காற்றின் அழுத்தம் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவில் குறைகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய ஜீப்புக்கு இது தெரியாது. கீழே தந்த அளவிலேயே பெட்ரோலைத் தந்து புகையைக் கக்கும். உணரியுள்ள எஞ்சின் குறைந்த காற்றுக்கேற்பத் தீனியைக் குறைத்துக்கொள்ளுகிறது. மலைமேல் வண்டி சற்றே சோர்வதாகத் தோன்றினால் அது இயற்கையே. சமவெளிக்கு வந்த பின்னும் சோர்வும் கரும்புகையும் நீங்காவிட்டால், உணரியின் வாயில் புகைக்கரி அடைத்திருக்கிறதா, காற்று வடிகட்டியில் தோப்புத் தூசி நிறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆக்சிலரேட்டர் மிதியிலும் இன்று கம்பி வடம் இல்லை, உணரியே உள்ளது. அதுவும் ஒன்றன்று, இரண்டு. பல வண்டிகளில் ஒன்று காட்டும் மின்னழுத்தம் மற்றொன்றின் இருமடங்காக இருக்குமாறு அமைத்திருக்கிறார்கள். இரண்டின் கூற்றும் முரண்பட்டால் கணிப்பொறி எதையும் நம்பாமல் எஞ்சினின் வலிமையைக் கட்டுப்படுத்தி, வீடு சேரும் அளவுக்கு மட்டும் ஓடவிடுகிறது. இது பழுதின் கொடுமையன்று. காவலுக்காகச் செய்த ஏற்பாடு.

கணிப்பொறி தான் கண்ட குறைகளைக் குறியெண்களாகப் பதிந்து வைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசித் துளைகள் கொண்ட பொருத்துவாயில் ஒரு சிறு கருவியைச் செருகி அவற்றைப் படிக்கலாம். 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குட்பட்ட வண்டிகள் யாவற்றிலும், அதற்கு முந்திய பலவற்றிலும் இவ்வசதி உண்டு. ஆனால் குறியெண் சுட்டுவது ஒரு மின்சுற்றையே. அதிலுள்ள ஒரு பொருளை அன்று. ‘பி 0118’ என்றால் நீர்ச்சூட்டு உணரியின் சுற்றில் மின்னழுத்தம் மிகுதி, அதாவது பெரும்பாலும் எங்கோ ஒயர் விட்டிருக்கிறது. ‘பி 0117’ என்றால் மின்னழுத்தம் மிகக் குறைவு, அதாவது ஒயர் எங்கோ உரசி உடலைத் தொடுகிறது. உணரியே கெட்டிருக்கவும் கூடும். ‘பி 0335’ கிராங்கு உணரியின் சுற்றைச் சுட்டுகிறது. எண்ணைக் கேட்டவுடன் புதிய உணரியை வாங்கிவிடுவது, பெயரைக் கேட்டவுடன் தண்டனை விதிப்பதற்கு ஒப்பாகும்.

ஒரு விளக்கன்றிப் பல விளக்குகள் ஒருங்கே எரிந்தால், இத்தனை உணரிகளும் ஒரே நாளில் கெட்டிருக்க முடியாது என்று உணர்ந்து, அனைத்துக்கும் பொதுவான இடங்களைப் பார்க்கவேண்டும். அவை பாட்டரியும் எர்த்து ஒயருமே. திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் பாட்டரி செய்யும் பெருந்தொழிற்சாலை இருப்பதால் இவ்வூராருக்குப் பாட்டரியின் இயல்பு நன்கு தெரியும். ஓய்வில் 12.6 வோல்ட்டு அளவிலும், எஞ்சின் ஓடும்போது பல வண்டிகளில் 14 வோல்ட்டு அளவிலும் அது காட்டவேண்டும். எர்த்து ஒயர் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் துருப்பிடித்திருந்தால், உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினாலே பாதி விளக்குகள் அணைந்துவிடுவதைக் காணலாம்.

2021 நவம்பரில் திருப்பதியில் பெருமழை வெள்ளம் புகுந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் நின்ற வண்டியிலும், ஓடையைக் கடந்து வந்த வண்டியிலும் முதலில் நனைவன கியர் பெட்டியின் அடியிலுள்ள இணைப்புகளே. ஈரம் அன்றே தொல்லை தராது. சில வாரங்கள் கழித்துப் பச்சைக் களிம்பு படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும். ஆகவே இணைப்புகளைக் கழற்றி உலர்த்தி, ரப்பர் உறைகள் கிழியாதிருக்கின்றனவா என்று பார்த்துப் பூட்டவேண்டும். டிரான்ஸ்பர் பெட்டியின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால், சூடான பெட்டி ஓடை நீரில் குளிர்ந்து சுருங்கும்போது சீல் வழியாகத் தண்ணீரை உள்ளிழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் அதுவே அடையாளம். அப்போதுமட்டும் பெட்டியைப் பற்றிய கவலைக்கு இடமுண்டு. எண்ணெயை உடனே வடித்து மாற்றவேண்டும்.

பட்டறையில் வண்டியை விடும்போது மூன்று செய்திகளைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நலம்: கருவியில் வந்த குறியெண் எது, ஒயரையும் இணைப்பையும் அளந்தபோது கிடைத்த எண் என்ன, கழற்றிய பழைய பொருள் எங்கே. நல்ல மெக்கானிக் இவற்றுக்குச் சினங்கொள்ள மாட்டார். அளந்து பார்ப்பவருக்கு எண்ணைச் சொல்லுவதில் தயக்கம் இராது. வண்டி நலமாக ஓடும் நாளிலேயே பாட்டரியின் வோல்ட்டையும், நீர்ச்சூட்டு உணரியின் குளிர்நிலை, சூடுநிலை ஓம் அளவுகளையும் குறித்து, வண்டிக் காகிதங்களோடு வைத்திருப்பவருக்கு, பழுது நேர்ந்த நாளில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அத்தாள் உதவும்.